மூலம் என்று முடிவுகட்டும் முன்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் சாலையோரத்தில், சுவர் கிடைத்த இடத்தில் அந்த விளம்பரம் கண்ணில் படும்: மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் இதைப் பார்க்கலாம். மலத்தோடு ரத்தம் போனால் அது மூலம்தான், உடம்புச் சூடுதான், வெந்தயமும் மோரும் குடித்தால் அடங்கிவிடும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால் வயது 45-ஐத் தாண்டிய ஒருவருக்கு அதே ரத்தம் பெருங்குடலிலோ மலக்குடலிலோ வளரும் புற்றுநோயிலிருந்தும் வரலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய எந்த வைத்தியராலும் முடியாது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் குழப்பம் ஒரு மருத்துவரின் குடும்பத்திலேயே நேர்ந்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று கருதித்தான் வைத்தியம் பார்த்தார்கள். நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. தங்கையின் சாவு முத்துலட்சுமி ரெட்டியின் மனதை விட்டு அகலவே இல்லை. 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம். இன்று அந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் வழிகள் எளிதாகிவிட்டன. சீதபேதி, மூலம், சூடு என்று பெயர் வைத்துக் காலம் கடத்தும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசிப் பகுதி மலக்குடல். இந்தக் குழாயின் உட்சுவரில் வயது ஏற ஏறச் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றும். டாக்டர்கள் இதைப் பாலிப் என்பார்கள். பல பாலிப்புகள் கடைசிவரை எந்தத் தொல்லையும் தருவதில்லை. சில வகைகள் மட்டும் மெல்லப் பெரிதாகிப் புற்றாக மாறும். அப்படி மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள்போல ஆகும். நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்தப் பத்து ஆண்டுதான். அதற்குள் பாலிப்பைக் கண்டு அகற்றிவிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் வருவதே தடுக்கப்படும். மார்பகப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் முடியும். பெருங்குடலில் வருமுன் காக்கவே வழி இருக்கிறது.

மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்த நோய் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-க்குத் தந்த மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்கு 19 லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறது. இந்தியாவில் சுமார் 70,000 பேர். மக்கள் தொகையை வைத்துப் பார்த்தால் இது சிறிய எண். ஆனால் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விவரம் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தன்னிடம் வந்த 800 நோயாளிகளின் விவரங்களை 2017-இல் வெளியிட்டது. அவர்களின் சராசரி வயது 47. மேலை நாடுகளில் இந்த நோய் அறுபதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம். அந்த 800 பேரில் நூற்றுக்கு 42 பேருக்கு நோய் மலக்குடலில் இருந்தது. அதாவது, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில், விரலுக்கு எட்டும் தூரத்திலேயே பலருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.

விரலுக்கு எட்டும் தூரம் என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். கையுறை போட்ட விரலை ஆசனவாய்க்குள் செலுத்திப் பார்ப்பது மருத்துவத்தின் மிகப் பழைய சோதனைகளில் ஒன்று. ஒரு நிமிடம் ஆகும். கருவி வேண்டாம், செலவு இல்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி இருந்தால் பெரும்பாலும் விரலில் தட்டுப்படும். இருந்தும் ரத்தம் போகிறது என்று வந்தவரைப் படுக்கவைத்துப் பார்க்காமல், மாத்திரையும் களிம்பும் எழுதிக்கொடுத்து அனுப்புவது நம்மிடம் சாதாரணமாக நடக்கிறது. டாக்டர் அவசரத்தில் இருக்கிறார், வந்தவருக்கோ வெட்கம். இருவரும் அந்தச் சோதனையைத் தவிர்க்கவே விரும்புகிறார்கள். அந்த வெட்கத்தின் விலை சில நேரம் உயிர். “டாக்டர், உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று நீங்களே கேட்கலாம். பெண்கள், பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்பதிலும் தவறே இல்லை.

மூலத்தில் ரத்தம் பொதுவாகப் பளிச்சென்ற சிவப்பில், மலம் போன பிறகு சொட்டும். மலத்தோடு கலந்த ரத்தம், சளி, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு, பல வாரங்களாக மாறிவிட்ட மலப்பழக்கம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை எச்சரிக்கைகள். ஆனால் இந்த வேறுபாட்டை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மூலம் இருப்பவருக்கே புற்றும் இருக்கலாம். இருபது வருடமாக மூலம் என்று பழகிப்போனவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இன்னோர் அறிகுறியை நம் வீடுகளில் யாருமே குடலோடு சேர்த்து நினைப்பதில்லை. அது ரத்தசோகை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் கட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைக் கசியவிடும். மலம் வழக்கம்போலவே இருக்கும். மனிதர் மட்டும் வெளுத்துப்போவார், படியேறினால் மூச்சு வாங்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, நடுவயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால், இரும்பு மாத்திரை கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். மாத்திரை சாப்பிட்டதும் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். கசிவு அப்படியே தொடர்கிறது.

இதுவரை சொன்னது தொந்தரவு இருப்பவர்களுக்கு. ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயது முதல் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் பார்க்கிறது. பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. நோய் குறைவாக உள்ள நாட்டில், இருக்கும் பணத்தை அதிகம் வரும் நோய்களுக்கு முதலில் செலவிடுவது நியாயம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், கிள்ளையிலோ பிச்சாவரத்திலோ இருக்கும் ஒருவரை இதற்காக யாரும் தேடி வரமாட்டார்கள். நாமே கேட்டால்தான் உண்டு.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. ஜப்பான் 1992 முதலே 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துவருகிறது. சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை. இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பரிசோதனைப் பெட்டி தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். அமெரிக்காவில் 50 என்று இருந்த தொடக்க வயதை, இளையவர்களிடம் நோய் கூடியதால் 2021-இல் 45 ஆக்கினார்கள். ‘பிளாக் பாந்தர்’ படத்தில் நடித்த சாட்விக் போஸ்மன் 2020-இல் இதே நோயில் இறந்தபோது அவருக்கு வயது 43.

எனவே, நம் ஊரில் ஒரு தொந்தரவும் இல்லாமல், குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாமல் இருப்பவர் 45 வயதில் மலப் பரிசோதனையில் தொடங்குவது பொருத்தம் என்பது என் கருத்து. நேராகக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு ஓட வேண்டியதில்லை. மலப் பரிசோதனை செலவு குறைவு, வலி இல்லை, ஒரு நாள் கூலி போகாது.

‘மோஷன் டெஸ்ட்’ என்று நாம் சொல்வதில் பல வகை உண்டு. புழு, கிருமி பார்ப்பது ஒன்று. நமக்கு வேண்டியது மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனை. லேபில் ‘ஸ்டூல் அக்கல்ட் பிளட்’ என்று கேளுங்கள். இதிலும் பழையது, புதியது உண்டு. பழைய முறை ஒரு ரசாயன வினையை நம்பியது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பச்சை முள்ளங்கி போன்றவற்றைத் தின்றிருந்தாலே தவறாக ரத்தம் இருப்பதாகக் காட்டிவிடும். புதிய முறைக்கு ‘ஃபிட்’ என்று பெயர். அது மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டுமே அடையாளம் காணும். முந்தின நாள் இறால் குழம்பு சாப்பிட்டிருந்தாலும் கவலை இல்லை; பத்தியம் எதுவும் வேண்டாம். வயிற்றுப் புண்ணிலோ சிறுகுடலிலோ கசியும் ரத்தம் வரும் வழியிலேயே செரித்துப்போவதால், இந்தச் சோதனை பெருங்குடலையே அதிகம் குறிவைக்கிறது. ‘ஃபிட்’ இருக்கிறதா என்று கேட்டு, இருக்கும் லேபுக்குப் போவது நல்லது.

மாதிரி எடுக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மலம் தண்ணீரிலோ சிறுநீரிலோ படக் கூடாது. பழைய செய்தித்தாளையோ பிளாஸ்டிக் தாளையோ விரித்து, அதிலிருந்து குச்சியால் எடுத்தால் போதும். மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் வழியும் நாட்களிலும் எடுக்க வேண்டாம். எடுத்ததைச் சீக்கிரம் லேபில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும். ரத்தம் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். பரிசோதனைக்கு அது தோதான காலம். ஆனால் அதுதான் கத்திரி வெயிலும் அடிக்கும் காலம். விடியற்காலையில் எடுத்து, காலை வெயில் ஏறுமுன் சிதம்பரம் லேபில் கொடுத்துவிடுங்கள்.

ஒருமுறை செய்யும் ‘ஃபிட்’, புற்று உள்ளவர்களில் ஐந்துக்கு நாலு பேரைப் பிடித்துவிடும். பாலிப்பைப் பிடிப்பதில் அது அவ்வளவு கெட்டியில்லை. பாலிப் எல்லா நாளும் ரத்தம் கசிவதில்லை என்பதே காரணம். அதனால்தான் ஆண்டுதோறும் செய்யச் சொல்கிறார்கள். ஒரு வருடம் தப்பியது அடுத்த வருடம் சிக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. பழைய ரசாயன முறையிலேயே ஆண்டுதோறும் மலம் பரிசோதித்தவர்களிடம் இந்த நோயால் ஏற்படும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு தடவை செய்துவிட்டு ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று பத்து வருடம் சும்மா இருந்துவிட்டால் அந்தப் பலன் கிடைக்காது.

ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் பதற வேண்டாம். அப்படி வந்தவர்களில் புற்று இருப்பது நூற்றில் ஒரு சிலருக்கே. மூலம், குடல் அழற்சி, பாலிப் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் இன்னொரு முறை மலப் பரிசோதனை செய்து, அதில் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவது பெரிய பிழை. ஒருமுறை ரத்தம் தெரிந்தால் அடுத்தது கொலோனோஸ்கோபிதான். கண்ணால் பார்க்கும் அளவுக்கே ரத்தம் போகிறவர் இந்த மலப் பரிசோதனைக்கே போக வேண்டியதில்லை. நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

கொலோனோஸ்கோபிக்குப் பயன்படுவது விரல் கனமுள்ள வளையும் குழாய். நுனியில் கேமரா இருக்கும். மயக்க ஊசி போட்டு, ஆசனவாய் வழியாகச் செலுத்தி, பெருங்குடல் முழுவதையும் திரையில் பார்ப்பார்கள். பாலிப் கண்ணில் பட்டால் அப்போதே கம்பிச் சுருக்கில் மாட்டி அறுத்து எடுத்துவிடலாம். குடலின் உட்சுவருக்கு வெட்டும் வலி தெரியாது. எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம் ஆகும். குடல் சுத்தமாக இருந்து ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது: பத்தாயிரம் பேருக்குச் செய்தால் ஏறக்குறைய மூன்று பேருக்குக் குடலில் ஓட்டை விழலாம், சுமார் பதினைந்து பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு ஏற்படலாம். எல்லோரையும் முதலிலேயே இதற்கு அனுப்பாமல் மலப் பரிசோதனையில் வடிகட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்துகொண்டவர்கள் குறைப்படுவது குழாயைப் பற்றி அல்ல, முந்தின நாளைப் பற்றி. குடல் முழுவதும் காலியாக வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கம்பு, கேழ்வரகு, கொய்யா, விதையுள்ள காய்கள் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், முட்டை, முள் எடுத்த மீன் சாப்பிடலாம். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கருப்பாக்கிக் கேமராவை மறைக்கும். முந்தின நாள் நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் விடாத டீ, ரசத் தெளிவு. சிவப்பு நிறச் சர்பத் வேண்டாம், உள்ளே ரத்தம்போலத் தெரியும். பிறகு ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பாதியை மாலையிலும் மீதியை மறுநாள் விடியலிலும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். சரியாகச் சுத்தமாகாத குடலில் சின்னப் பாலிப் ஒளிந்துகொள்ளும். பட்ட பாடு வீணாகிவிடும்.

நகரத்து மருத்துவமனையில் தரும் அச்சிட்ட தாளில் இல்லாத ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மாலையும் விடியலும் பத்துப் பதினைந்து தடவை போக வேண்டியிருக்கும். வீட்டில் கழிப்பறை இல்லாதவர்கள், வாய்க்கால் ஓரத்தையே நம்பியிருப்பவர்கள், அந்த நிலையில் பிச்சாவரத்திலிருந்து பேருந்தேறிச் சிதம்பரமோ பாண்டிச்சேரியோ போக முடியாது. முந்தின நாளே கிளம்பிக் கழிப்பறை உள்ள உறவினர் வீட்டில் தங்குங்கள். அல்லது முதல் நாளே சேர்த்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மயக்க ஊசி போடுவதால் கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது, துடுப்பும் போடக் கூடாது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பட்டினியில் சர்க்கரை மாத்திரையைப் போட்டு மயங்கி விழுந்துவிடக் கூடாது.

எங்கே போவது? 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அண்ணாமலை நகர் மருத்துவமனை இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தப் பகுதிக்கு அதுதான் பக்கம். முதலில் அங்கே காட்டுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், சிதம்பரத்திலிருந்து 65 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரி ஜிப்மரில் குடல் நோய்ப் பிரிவும் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஆபரேஷன், கீமோ போன்ற சிகிச்சைகளுக்கு அது கைகொடுக்கும். தொந்தரவில்லாதபோது செய்துகொள்ளும் பரிசோதனைக்கும் அது செல்லுமா என்பதைக் காப்பீட்டு உதவி மேசையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புற்று என்று வந்தாலும், எந்தக் கட்டத்தில் வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கின்படி, குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு வந்தவர்களில் அது 15 பேர்போலத்தான். வயிற்றில் மலம் சேரும் பை மாட்டிவிடுவார்கள் என்று பயந்து ஆபரேஷனுக்கு வராமல் ஓடுகிறவர்கள் உண்டு. பெருங்குடலின் மேற்பகுதியில் வரும் கட்டிகள் பலவற்றுக்கு நிரந்தரப் பை தேவையே இல்லை. மலக்குடலில் வந்தவர்களிலும் பலருக்கு அது சில மாதங்களுக்குத்தான். கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால் பை தேவைப்படாமலே போவதற்கும் வாய்ப்பு கூடும்.

புகையிலை, சாராயம், உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது ஆகியவை இந்த நோயைக் கூட்டும். நாரும் நடையும் குறைக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கீரை தின்றேன், துடுப்புப் போட்டு உடம்பு இறுகியிருக்கிறது, எனக்கு வராது என்று சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

மேலே சொன்ன 45 என்ற வயது குடும்பத்தில் இந்த நோய் இல்லாதவர்களுக்கு. அப்பா, அம்மா, உடன்பிறந்தார் யாருக்காவது வந்திருந்தால் 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்தியதோ அப்போதே பார்க்க வேண்டும். அதுவும் மலப் பரிசோதனையில் நிற்காமல் கொலோனோஸ்கோபியாக. தந்தைக்கு 46-இல் வந்ததென்றால் மகனுக்கும் மகளுக்கும் 36-இல். நம் ஊர்களில் இதற்குக் குறுக்கே நிற்பது ரகசியம். “வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புற்று என்று வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள் என்று ஆஸ்பத்திரிச் சீட்டையே கிழித்துப்போடுகிற வீடுகள் உண்டு. வெளியாருக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், எந்த வயதில் வந்தது, குடலில் எந்த இடத்தில் வந்தது என்பதை உங்கள் பிள்ளைகளிடமும் உடன்பிறந்தவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.